கிணற்று வாயின் பரப்பு

பாறசாலை
12 அக்டோபர் 2024

லிஷா,

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். வாட்ஸ்அப்பில் உன் போட்டோ இருந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் ஒரு வட்டம்தான் தெரிகிறது. தபால்காரரை பிளாக் செய்ய உன் போனில் வழி கிடையாது. அதனால் எழுதுகிறேன். கண்ணூருக்குக் கடிதம் போய்ச் சேர நான்கு நாள் ஆகுமாம். அதற்குள் உன் கோபம் ஆறியிருந்தால் நல்லது. ஆறாவிட்டாலும் கிழிக்காமல் படி.

நடந்ததை உன் அம்மா எப்படிச் சொன்னாளோ தெரியாது. போன ஞாயிறு ஆராதனையில் போதகர் ஜெபச்சீட்டுப் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாக வாசித்தார். சத்தியபாய் மாமியின் முட்டுவலி, யாரோ ஒருவருக்கு வரவேண்டிய விசா, அதற்கடுத்து என் சீட்டு. "முதல் செமஸ்டர் கால்குலஸ் டெஸ்டில் ஐம்பதுக்கு ஏழு மார்க் வாங்கிய சகோதரி லிஷாவுக்குக் கர்த்தர் ஞானம் கொடுக்கும்படி ஜெபிப்போம்." சபை முழுக்க ஆமென் சொன்னது. உன் அப்பா மட்டும் சொல்லவில்லை. நான் சீட்டில் என் பேரை எழுதவில்லை, ஆனாலும் மாமா நேரே திரும்பி என்னைத்தான் பார்த்தார். அந்த ஏழு மார்க்கை நீ என்னிடம் மட்டும்தான் சொல்லியிருந்தாயாம்.

ஜெபத்துக்குத்தானே எழுதினேன், சண்டைக்கா எழுதினேன்? சரி, போகட்டும். உன்னிடம் நடித்து எனக்கென்ன கிடைக்கப்போகிறது. நீ போனில் அழுதபோது நான் ஆறுதல் சொன்னேன். போனை வைத்த பிறகு எனக்கு வந்தது ஆறுதல் இல்லை. ஏழு மார்க் வாங்குவதற்கு ஒரு அரசு இன்ஜினியரிங் காலேஜ் சீட்டா என்றுதான் வந்தது. நுழைவுத் தேர்வில் என் ரேங்க் உன்னைவிட ஐயாயிரம் முன்னால். அந்த நெட் சென்டர்காரர் என் காலேஜ் லிஸ்டை ஒழுங்காக ஏற்றியிருந்தால் நானும் ஒரு காக்கிக் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒர்க்‌ஷாப்பில் நின்றிருப்பேன். இப்போது என்னைவிட ஒரு வயது குறைந்த பிள்ளைகளோடு நெய்யாற்றின்கரையில் கோச்சிங் சென்டர் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன், அதே பரீட்சையை மறுபடி எழுத. உன் கோட்டுப் போட்டோவை மாமா மீன்காரியிடம்கூடக் காட்டிவிட்டார்.

எங்கம்மா தன் அண்ணன் வீட்டுப் பக்கம் ஆறு நாளாகப் போகவில்லை. "நீ அவகிட்ட மாப்பு கேட்டு எழுதி அனுப்பு. இல்லெங்கி இந்த வீட்டுல உனக்குச் சோறு கெடயாது, கேட்டியா" என்று சொல்லிவிட்டாள்.

ஆகவே, மாப்பு.

பிஜி


கண்ணூர், பெண்கள் விடுதி
19 அக்டோபர் 2024

பிஜி,

உன் மாப்பு கிடைத்தது. சோற்றுக்காகக் கேட்ட மாப்பு என்பதால் பாதிதான் எடுத்துக்கொள்கிறேன்.

நான் உனக்குப் பதில் எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இரண்டு தடவை எழுதி மடித்து வைத்தேன், இது மூன்றாவது. அப்பா போன் செய்தார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் பரவாயில்லை. "டிசம்பர் பரீட்சயில கணக்கு போச்செங்கி பெட்டியக் கெட்டி இஞ்ச வந்திரு மக்கா. சபையில எனக்குத் தல நிமிர வய்யா" என்று மெல்லச் சொல்லி வைத்துவிட்டார். அப்பா சொன்னால் சொன்னதுதான், உனக்கே தெரியும். தோற்றால் எனக்கு இந்தக் காலேஜ் இல்லை.

உனக்கு அந்தக் காக்கிக் கோட்டின் மேல் பொறாமை. கோட்டுக்குள் இருக்கிறவள் பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுகிறாள், அது போட்டோவில் வராது. இங்கே ஸார் பலகையில் ஆங்கிலத்தில் எழுதி, மலையாளத்தில் வேகமாகப் பேசுகிறார். நாம் பத்தாம் வகுப்பு வரை கணக்கைத் தமிழில் படித்தவர்கள். அவர் சொல்வதை நான் மனசுக்குள் தமிழில் சொல்லிப் பார்ப்பதற்குள் பலகையை அழித்து அடுத்ததற்குப் போய்விடுகிறார். பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் தலையாட்டுகிறார்கள். நானும் ஆட்டுகிறேன்.

இதைக் கேட்க எனக்கு எவ்வளவு வெட்கமாக இருக்கிறது என்று உனக்குச் சொல்ல மாட்டேன். எனக்குக் கணக்குச் சொல்லித் தருவாயா? போனில் வேண்டாம். உன் குரலைக் கேட்டால் அந்த ஆமென்தான் ஞாபகம் வரும், நான் போகாத ஆராதனையின் ஆமென். எழுதி அனுப்பு. நான் ஏழு வாங்கிய கேள்வித்தாளையும் விடைத்தாளின் நகலையும் இதோடு வைத்திருக்கிறேன்.

சிரிக்காதே. சிரித்தாலும் மாமியிடம் காட்டாதே.

லிஷா


பாறசாலை
26 அக்டோபர் 2024

லிஷா,

சிரித்தேன். அம்மாவிடம் காட்டவில்லை.

உன் விடைத்தாளை நெய்யாற்றின்கரை பஸ்ஸில் வைத்துத் திருத்தினேன். பக்கத்தில் இருந்த பெண் என்னை டீச்சர் என்று நினைத்து எந்த ஸ்கூல் என்று கேட்டாள். நான் ஒரு ஸ்கூல் பேரைச் சொன்னேன். இது உனக்காகச் செய்வது இல்லை, தப்பான கணக்கைப் பார்த்தால் எனக்குக் கை சும்மா இருக்காது. உனக்குக் கணக்கு வராது என்பது பொய். நீ மூன்றாவது வரி வரை ஒழுங்காகப் போகிறாய். நான்காவது வரியில் பயந்துபோய் பக்கத்தில் இருப்பவளின் விடையைப் பார்த்து அதுபோல் வளைக்கிறாய். எட்டாம் வகுப்பில் என் பேப்பரைப் பார்த்து வளைத்தாய், இப்போது வேறு எவளுடையதையோ.

பதினொரு பக்கம் எழுதியிருக்கிறேன், எல்லாம் தமிழில். ஆங்கிலப் பேரைப் பக்கத்தில் எழுதிப் பெட்டி போட்டிருக்கிறேன், பரீட்சையில் அதை எழுது. தினமும் இரண்டு பக்கம் படி. நான் போட்ட கணக்கை மூடி வைத்துவிட்டு நீயாகப் போட்டுப் பார்.

ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் என் பேரைச் சொல்லி வைத்துக்கொள். விடை வந்ததும் அதை நம்பாதே. ஒரு புது முறை கற்றால், விடை உனக்கு ஏற்கெனவே தெரிந்த ஒன்றின் மேல் அதைப் போட்டுப் பார். உங்கள் வீட்டுக் கிணற்றை எடுத்துக்கொள். வாய் வட்டம், ஆரம் நாலடி. அதன் பரப்பு பை பெருக்கல் பதினாறு என்று சின்ன வகுப்பிலேயே தெரியும். பெரிய பெரிய பேர் வைத்த எந்த முறையானாலும் கிணற்றின் மேல் போட்டால் பதினாறு பை வர வேண்டும். வராவிட்டால் தப்பு முறையில் இருக்கிறது, கிணற்றில் இல்லை.

காலேஜில் லைப்ரரி எப்படி? பெரிதா? சொல்ல வேண்டாம், விடு.

பிஜி


கண்ணூர்
13 நவம்பர் 2024

பிஜி,

முப்பத்தொன்று!

இரண்டாவது டெஸ்டில் ஐம்பதுக்கு முப்பத்தொன்று. ஸார் பேப்பரைக் கொடுக்கும்போது என் பேரை இரண்டு தடவை கூப்பிட்டார், நான்தானா என்று அவருக்கே சந்தேகம். பிறகு ஒரு கணக்கைப் பலகையில் போடச் சொன்னார். போட்டுவிட்டேன். அப்பாவிடம் சொன்னேன். "கொள்ளாம்" என்றார். அப்பா வாயிலிருந்து ஒரு பாராட்டு வந்து எத்தனை வருஷம் ஆகிறது.

உன் நோட்டு இப்போது ஹாஸ்டலில் பிரபலம். என் அறையில் அனகா என்று ஒரு பெண் இருக்கிறாள், கோழிக்கோட்டுக்காரி. அவளுக்குத் தமிழ் எழுத்து தெரியாது, ஆனாலும் நீ போட்ட வரிகளைப் பார்த்தே, "இது எழுதியது ஆராடீ, ஸாரினேக்காள் நன்னாயிட்டுண்டல்லோ" என்றாள். நீ ஸாரையே மிஞ்சிவிட்டாயாம். ரொம்ப நல்லவள். உன் பக்கங்கள் தீர்ந்தபிறகு இரட்டைத் தொகையீட்டை அவள்தான் சொல்லித் தந்தாள். திட்டாமல், உன்னைவிடப் பொறுமையாக. நாங்கள் இருவரும் சாயங்காலம் கேன்டீனில் பழம்பொரி வாங்கிக்கொண்டு அங்கேயே உட்கார்ந்து போடுவோம். அடுத்த வாரம் எங்கள் வகுப்பை ஒருநாள் மங்களூருக்குக் கூட்டிப் போகிறார்கள், ஒரு பாலம் கட்டுவதைப் பார்க்க. அவளும் நானும் ஒரே சீட்டு.

லைப்ரரி மூன்று மாடி. நீ கேட்டாயே என்று சொன்னேன்.

கடைசி யூனிட் மட்டும் பாக்கி. வட்டம் வரும் இடத்தில் x, y-யை விட்டு வேறு எழுத்துக்கு மாற்றுகிறார்களே, அது. அதை நீதான் எழுத வேண்டும், அனகாவும் அதில் வீக். பரீட்சை டிசம்பர் பத்து. பத்து மார்க் அதில் நிச்சயம் வரும் என்று ஸார் சொல்லிவிட்டார்.

லிஷா


பாறசாலை
23 நவம்பர் 2024

அன்புள்ள லிஷாக்குட்டிக்கு,

முப்பத்தொன்றுக்கு என் சந்தோஷம். மங்களூர் போய்வந்தாயா? அனகாவுக்கும் என் அன்பைச் சொல்.

கடைசி யூனிட் ரொம்ப எளிது, ஒரு பக்கம் போதும். வட்டம் வந்தால் x-க்குப் பதில் r cos θ, y-க்குப் பதில் r sin θ. dx dy இருக்கும் இடத்தில் dr dθ என்று எழுது. எல்லைகளைப் போட்டுத் தொகையிடு. அவ்வளவுதான். பின்பக்கம் மூன்று கணக்குப் போட்டிருக்கிறேன், அதைப் பார்த்து அப்படியே செய். பரீட்சை நெருங்கிவிட்டது, சரிபார்த்துக்கொண்டெல்லாம் நேரத்தை வீணாக்காதே.

நன்றாக எழுது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

உன் பிஜி


நெய்யாற்றின்கரை தபாலாபீசிலிருந்து
3 டிசம்பர் 2024

லிஷா,

இதை ஸ்பீட் போஸ்டில் அனுப்புகிறேன். கவுண்டர் பக்கத்தில் நின்றே எழுதுகிறேன், கையெழுத்து மோசமாக இருக்கும்.

முதலில் கணக்கு. நான் அனுப்பிய கடைசிப் பக்கம் தப்பு. dx dy-க்குப் பதில் dr dθ இல்லை, r dr dθ. முன்னால் ஒரு r வர வேண்டும். வட்டத்தின் நடுவிலிருந்து தள்ளிப் போகப் போகத் துண்டு அகலமாகும் அல்லவா, அந்த அகலத்துக்காகத்தான் அந்த r. அது இல்லாமல் போட்டால் எல்லா விடையும் தப்பாகும், பத்து மார்க்கும் போகும். பின்பக்கம் இருக்கும் மூன்று கணக்கும் தப்பு. கிழித்துப் போடு. கிழித்துவிட்டு மேலே படி.

மறந்து விட்டுவிடவில்லை. தெரிந்துதான் விட்டேன்.

"உன்னைவிடப் பொறுமையாக" என்று நீ எழுதிய வரியை நான் பஸ்ஸில் எத்தனை தடவை படித்தேன் என்று எனக்கே தெரியாது. பதினொரு பக்கம் எழுதியது நான், பழம்பொரி அவளுக்கு. பாலம் அவளுக்கு. மூன்று மாடி லைப்ரரி உங்கள் இரண்டு பேருக்கும். எனக்கு வயிறு எரிந்தது, லிஷா. நீ டிசம்பரில் தோற்றுப் பெட்டியோடு பாறசாலை ஸ்டேஷனில் இறங்கினால் நாம் இருவரும் ஒரே பெஞ்சில் கோச்சிங்குக்குப் போகலாம் என்று நினைத்தேன். அதை நினைக்கும்போது எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது. நான் எப்படிப்பட்டவள் என்று பார்த்துக்கொள்.

நேற்று மாமா எங்கள் வீட்டுக்கு வந்தார், அந்த ஞாயிறுக்குப் பிறகு முதல் தடவை. ஒரு சாக்கில் மரச்சீனிக் கிழங்கு கொண்டுவந்து அடுக்களை வாசலில் வைத்தார். அம்மா உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. என்னைக் கூப்பிட்டு, "எனக்க மோளு தேறுனா அது நீ செய்ததாக்கும் மக்கா" என்று சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார். அந்தக் கிழங்கை என்னால் தின்ன முடியவில்லை. மாமாவின் போனை வாங்கி அங்கேயே உன்னிடம் சொல்லியிருக்கலாம். ஆனால் அவர் பக்கத்தில் நிற்பார், அவர் காதில் விழும். அதற்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

எழுதத் தொடங்கிவிட்டேன், இதையும் எழுதிவிடுகிறேன். நெட் சென்டர் வேலாயுதன் அண்ணன் என் லிஸ்டைக் கெடுக்கவில்லை. காலேஜ் பேர்களை ஏற்றிய அன்று நாம் இரண்டு பேரும்தானே போனோம். உனக்கு நான் நாற்பத்திரண்டு காலேஜ் போட்டேன், உன் ரேங்குக்கு எங்காவது கிடைக்கட்டும் என்று. நீ ஜூஸ் குடிக்கப் போன நேரத்தில் எனக்கு மூன்றே மூன்று போட்டேன். மூன்றும் பெரிய காலேஜ், மூன்றும் கம்ப்யூட்டர். அதற்குக் கீழே என் பேர் வரக்கூடாது என்று எண்ணம். அந்த அண்ணன், "மோளே, குறச்சுகூடி இடு" என்று இன்னும் கொஞ்சம் போடச் சொன்னார். வேண்டாம், இதுபோதும் என்றேன். மூன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் வந்து அவர் மேல் பழியைப் போட்டேன். அம்மா அன்றிலிருந்து அவரோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை.

r-ஐ ஞாபகம் வை. மற்றதை மறந்தாலும் சரி.

பிஜி


கண்ணூர்
8 பிப்ரவரி 2025

பிஜி,

இரண்டு மாதம் கழித்து எழுதுகிறேன். கிறிஸ்மஸ் ஆராதனையில் நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன், நீ பின்னால். ஆராதனை முடியும்வரை என் பிடரியை யாரோ பார்த்துக்கொண்டே இருப்பது தெரிந்தது. திரும்பவில்லை. 

உன் ஸ்பீட் போஸ்ட் வழியில் எங்கோ கிடந்துவிட்டு டிசம்பர் பத்தாம் தேதி சாயங்காலம்தான் வார்டன் மேசைக்கு வந்தது. பரீட்சை பத்தாம் தேதி காலையில் முடிந்துவிட்டது.

பயப்படாதே. உன் கடிதத்துக்கு இரண்டு வாரம் முன்பே எனக்குத் தெரியும். லிஷாக்குட்டி என்று நீ என்னை ஞானஸ்நானம் முதல் இன்றுவரை கூப்பிட்டதில்லை. அது ஒன்று. சரிபார்க்க வேண்டாம் என்று எழுதியிருந்தாய், அது இரண்டு. நீ எழுதுகிற வார்த்தையா அது? நான் கிணற்றை எடுத்தேன். பதினாறு பை வர வேண்டிய இடத்தில் எட்டு பை வந்தது. என் தப்பாகத்தான் இருக்கும் என்று மூன்று தடவை போட்டேன். மூன்று தடவையும் எட்டு. பிறகு புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன், r இருந்தது. அனகாவிடம் காட்டினேன். அவசரத்தில் விட்டுப்போயிருக்கும் என்றாள். ஆமாம், விட்டுப்போயிருக்கும் என்று நானும் சொன்னேன். நீ r-ஐ மறக்கிற ஆள் இல்லை என்று அவளுக்கு எப்படித் தெரியும்.

பரீட்சையில் அந்தக் கணக்கு வந்தது. r போட்டேன். முந்தாநாள் ரிசல்ட், கணக்கில் தேறிவிட்டேன். பி கிரேடு. அப்பாவிடம் சொல்லிவிட்டேன், பெட்டி கட்டில் அடியிலேயே இருக்கட்டும் என்றார்.

உன் மேல் எனக்கு இருந்த கோபத்தைச் சொல்லி முடியாது. பிறந்தது முதல் கூட இருந்தவள், நான் வீட்டுக்குத் திரும்பி வரவேண்டும் என்று ஒரு எழுத்தை ஒளித்து வைத்தாள் என்று தினமும் நினைத்தேன். ஆனால் பிஜி, அந்தக் கோபத்துக்குள் ஒரு கெட்ட சந்தோஷமும் இருந்தது. மார்க் லிஸ்டில் உன் பேருக்குக் கீழே என் பேர் வந்த காலம் முழுக்க நான் உன்னைப் பார்த்துப் புழுங்கியவள். நீ என்னைப் பார்த்துப் பொறாமைப்படுவாய் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. r இல்லாத அந்தப் பக்கத்தைப் பார்க்கும்போதெல்லாம் அழுகையும் வந்தது, கொஞ்சம் நிமிர்ந்தும் உட்கார்ந்தேன்.

நீ உன்னுடையதைச் சொன்னாய், நான் என்னுடையதைச் சொல்கிறேன். அலாட்மென்ட் வந்த அன்று எனக்குச் சீட்டு, உனக்கு இல்லை என்று தெரிந்ததும் உங்கள் வீட்டுக்கு வந்து உன்னைக் கட்டிப்பிடித்து அழுதேனே, ஞாபகம் இருக்கிறதா? அதற்கு முன்னால் எங்கள் கிணற்றுக்குப் பின்னால் போய் நின்று சிரித்தேன். வாயைப் பொத்திக்கொண்டு, நிறுத்த முடியாமல். எனக்குக் கிடைத்ததற்காக மட்டும் இல்லை.

r விஷயம் அப்பாவுக்குத் தெரியாது, என் வழியாகத் தெரியவும் வராது. ஆனால் அந்த மூன்று காலேஜை நான் சும்மா விட மாட்டேன். பாவம் வேலாயுதன் அண்ணன். அம்மாவின் பேருக்கு ஒரு கவர் அனுப்பியிருக்கிறேன், அவள் அதை ஜெபச்சீட்டுப் பெட்டியில் போடுவாள். பதினாறாம் தேதி ஞாயிறு காய்ச்சல் என்று சொல்லிப் படுத்துவிடாதே.

லிஷா


பாறசாலை
16 பிப்ரவரி 2025, ஞாயிறு

லிஷா,

போனேன். காய்ச்சல் என்று படுக்கத்தான் பார்த்தேன், அம்மா விடவில்லை.

போதகர் உன் சீட்டை மூன்றாவதாக எடுத்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு நிறுத்தி நிதானமாக வாசித்தார். "மறுபடியும் நுழைவுத் தேர்வு எழுதும் சகோதரி பிஜிக்கு நல்ல ரேங்க் கிடைக்கும்படிக்கும், போன வருஷம் பெருமையினால் மூன்று காலேஜ் மட்டும் எழுதின அவளுக்கு இந்த வருஷம் நாற்பத்திரண்டு காலேஜ் எழுதத் தக்க தாழ்மை கிடைக்கும்படிக்கும் ஜெபிப்போம். இப்படிக்கு, அவள் சொல்லித் தந்து கணக்கில் தேறின சகோதரி லிஷா."

பின் பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லாரும் சிரித்தார்கள். போதகரே கைக்குட்டையால் வாயைத் துடைப்பதுபோல் செய்தார். மாமா மட்டும் சிரிக்கவில்லை. திரும்பி என்னைப் பார்த்து ஒருதடவை தலையாட்டினார். பிறகு ஆமென் சொன்னார்கள். நானும் சொன்னேன். சொல்லாமல் இருந்தால் இன்னும் அசிங்கம்.

வெளியே வந்ததும் அம்மா குடையை விரித்துக்கொண்டு நேரே வேலாயுதன் அண்ணன் வீட்டுக்கு நடந்தாள். நான் பின்னால் போனேன். ஆறேழு மாதமாக அவரைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டவள், அவர் வாசலில் நின்று, "தப்பு எனக்க மோளுக்கதாக்கும். நீங்க பொறுக்கணும்" என்றாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டியபடி வந்து, "ஞான் அன்னே பறஞ்ஞதாணல்லோ" என்று, அன்று சொன்னதை எனக்கு ஞாபகப்படுத்தி, உள்ளே போய் இரண்டு பேருக்கும் சாயா போடச் சொன்னார். அந்தச் சாயாவை நான் எப்படிக் குடித்தேன் என்று எனக்குத்தான் தெரியும். இந்த வருஷம் லிஸ்ட் ஏற்ற நாற்பத்திரண்டையும் அவரே சொல்லித் தருவாராம். உன் காலேஜும் அதில் உண்டு. மேலே இல்லை, நடுவில்.

வீட்டுக்கு வந்து போனை எடுத்தால் சாம்பல் வட்டம் போய் உன் போட்டோ வந்திருந்தது, அதே காக்கிக் கோட்டோடு. பார்த்ததும் பழையபடி வயிறு எரிந்தது. மாறிவிட்டேன் என்று பொய் எழுத மாட்டேன். நீ கிணற்றுக்குப் பின்னால் நின்று சிரித்ததற்கும் எனக்குக் கோபம் இருக்கிறது, அது தனியாக இருக்கட்டும்.

இரண்டாம் செமஸ்டர் கணக்கு இன்னும் கஷ்டம் என்று கேள்விப்பட்டேன். கேள்வித்தாளைத் தபாலிலேயே அனுப்பு, போனில் எனக்குத் திருத்த வராது. எல்லா எழுத்தையும் போட்டுத்தான் அனுப்புவேன். என்றாலும் நீ ஒவ்வொன்றையும் கிணற்றின் மேல் போட்டுச் சரிபார்த்துக்கொள்.

பிஜி